அத்தைக்கு வாங்கிய கார்

என் அப்பாவுக்கு ஒரு வியாதி உண்டு. வீட்டுக்கு எந்த இயந்திரம் வந்தாலும் முதலில் அதன் எண்ணெயை மாற்றியாக வேண்டும். திருக்காட்டுப்பள்ளியில் நெல் அறுவடை மெஷின் வைத்து வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். குறுவை அறுப்புக்கு வயலில் இறக்கும் முன் பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புதிது ஊற்றுவது மெஷின்காரர்கள் எல்லோருக்கும் வழக்கம்தான். அப்பா அதைத் தையல் மெஷின் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். அம்மா கத்திப் பார்த்தாள், எடுபடவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஒரு கார் வந்து சேர்ந்தது. சென்னையில் யாரோ பெரிய முதலாளி ஓட்டிக் கழித்தது. நீளமான கறுப்புக் கார், தோல் சீட்டு, கியர் தானாகவே மாறிக்கொள்ளும். தெருவில் நிறுத்தியதும் ஊரே வேடிக்கை பார்த்தது. "மெஷின்காரருக்கு வந்த வாழ்வப் பாரேன்" என்று நாலு பேர் பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும், அது அத்தைக்காக வாங்கிய கார்.

அத்தை அப்பாவின் அக்கா. கல்யாணம் கட்டிக்கொள்ளாமல் கான்வென்ட் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர். அப்பாவை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். அவருக்கு முதுகில் ஒரு கட்டி என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். வாராவாரம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாடகைக் காரில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆம்புலன்ஸ் என்று யாராவது வாயைத் திறந்தால் "நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று சீறுவார். அதனால்தான் அப்பா குலுங்காத வண்டியாகத் தேடி அலைந்து அதை வாங்கினார். வாங்கிய கையோடு, கேட்க வேண்டுமா, எல்லா எண்ணெயையும் மாற்றினார்.

கொஞ்ச நாள் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. பிறகு ஆரம்பித்தது சனி. வேகம் நாற்பதைத் தாண்டி, ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தபடி ஒரே சீராகப் போகும்போது வண்டி நடுங்கும். கப்பி ரோட்டில் சைக்கிள் விட்ட மாதிரி அடியிலிருந்து ஒரு அதிர்வு வரும். எங்கள் சாலையில் அந்த வேகத்தில்தான் போகவும் முடியும். பின்சீட்டில் அத்தையின் தலை என் மடியில் இருக்கும். முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு "மாதாவே, மாதாவே" என்பார். அப்பா கண்ணாடியில் பார்ப்பார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும்.

"நடுங்காம உன்னக் கூட்டிட்டுப் போவேன்க்கா. முடியலன்னா இந்த வண்டிய ஆத்துல தள்ளிடுறேன்" என்றார் ஒரு நாள்.

"தள்ளுறப்ப நான் உள்ள இல்லாம பாத்துக்கடா" என்றார் அத்தை.

அப்பா விடவில்லை. டயரை மாற்றினார். சக்கரங்களைக் கழற்றி பேலன்ஸ் பார்த்தார். எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களை மாற்றினார். பிளக்கை மாற்றினார். நடுக்கம் அப்படியே இருந்தது. தஞ்சாவூரில் ஒரு பெரிய ஒர்க்ஷாப்பில் காட்டினோம். கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும், அது வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். "அவ்வளவு நாள் எங்கக்காவுக்கு இல்லைங்க" என்று சொல்லிவிட்டு அப்பா சாவியை வாங்கிக்கொண்டார். அத்தைக்கு அப்படி என்ன அவசர வேலை என்று நான் யோசித்தேன்.

ஒரு சாயங்காலம் என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு கல்லணை சாலையில் போனார். "நடுங்குதா பாருடி" என்பார். நடுங்குதுப்பா என்பேன். திரும்பத் திரும்ப இதே பேச்சு. அறுத்த வயலில் மேய்ந்துவிட்டு ஒரு வாத்துக் கூட்டம் சாலையைக் கடக்க வந்தது. அப்பா பிரேக்கில் கால் வைத்தார். வைத்த உடனே, வேகம் குறைவதற்கு முன்பே, நடுக்கம் நின்றது. அப்பா அப்படியே உறைந்துபோனார். வாத்துகள் போனதும் மறுபடி நாற்பதுக்கு ஏற்றி, நடுங்கியபோது பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் தொட்டார். நின்றது. காலை எடுத்தார், மறுபடி நடுங்கியது. சக்கரத்தில் கோளாறு என்றால் பிரேக்கைத் தொட்டதும் நிற்குமா?

வண்டியை ஓரங்கட்டிவிட்டு போனில் யார் யாரையோ கூப்பிட்டார். விஷயம் இதுதான். அந்த கியர்பாக்ஸுக்குள் ஒரு கிளட்ச் உண்டு. சீராகப் போகும்போது அது எஞ்சினைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கைத் தொட்டால் விட்டுவிடும். அது பிடிப்பதும் வழுக்குவதுமாகத் தவிப்பதுதான் நடுக்கம். அந்த கிளட்சுக்கென்று தனி எண்ணெய் இருக்கிறதாம். அதற்குப் பதில் அப்பா ஊற்றியது அறுவடை மெஷினுக்கு ஊற்றும் எண்ணெய். இரண்டும் சிவப்புதான், இருப்பதிலேயே உசத்தி என்று நினைத்து ஊற்றியிருக்கிறார். தலையில் அடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து நேரே அத்தையின் கட்டிலருகே போய் நின்றார். "வண்டியக் கெடுத்தது நாந்தான்க்கா."

"தையல் மெஷினக் கெடுத்தப்பவே நெனச்சேன்" என்றார் அத்தை.

மறுநாளே திருச்சிக்குப் போய் சரியான எண்ணெயை வாங்கி வந்தார். மெஷின் ஷெட்டில் காரை ஏற்றி அடியில் படுத்தார். அந்த கியர்பாக்ஸில் ஒரு முறை வடித்தால் பாதிகூட வராது, மிச்சம் உள்ளேயே தங்கிவிடும். எனவே வடிப்பார், எவ்வளவு வந்ததோ அதே அளவு ஊற்றுவார், ஊரைச் சுற்றி ஓட்டிவிட்டு வந்து மறுபடி வடிப்பார். அம்மாவின் பிரியாணி அண்டா எண்ணெய் பிடிக்கப் போய் அதோடு ஒழிந்தது. "போதும், வந்து சாப்பிடுங்க" என்று அம்மா கூப்பிட்டால், "உள்ள இன்னும் பழசு கெடக்கு" என்று அடியிலிருந்து குரல் மட்டும் வரும். ஒவ்வொரு முறையும் நடுக்கம் கொஞ்சம் குறைந்தது. கடைசியில் நாற்பது, ஐம்பது, அறுபது என்று எல்லா வேகத்திலும் கார் சத்தமில்லாமல் போனது. அப்பா ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அத்தை முந்தானையைக் கடிக்கவில்லை. வழியிலேயே தூங்கிவிட்டார். என் கால் மரத்துப்போனது, ஆனாலும் நான் அசையவில்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவது நின்றது. கட்டி கரைந்துவிட்டது என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். ஆனால் அப்பா மட்டும் தினமும் சாயங்காலம் அத்தையைத் தூக்கிவந்து பின்சீட்டில் படுக்கவைத்து, என்னையும் ஏற்றிக்கொண்டு ஆற்றோரமாக ஓட்டினார். அறுப்பு நேரம், மெஷின் கேட்டு ஆட்கள் வீட்டில் காத்திருந்தார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கோ விளையாட்டெல்லாம் போயிற்று. எரிச்சல் எரிச்சலாக வந்தது. அப்பாவுக்குத் தன் வேலையின் மேலேயே நம்பிக்கை இல்லை, இன்னும் சோதித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "அதான் சரியாயிடுச்சேப்பா. இன்னும் எதுக்கு டெஸ்ட் பண்றீங்க?"

என் மடியில் கிடந்த அத்தை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு முன்சீட்டைப் பார்த்து, "இன்னொரு ரவுண்டு போய்ப் பாத்துடுவோம்டா தம்பி" என்றார்.

அப்பா வண்டியைத் திருப்பினார்.