பறக்கும் அக்கா

கீரமங்கலத்தில் ஒரு பிளக்ஸ் கடையில் டிசைன் செய்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பதால் ஒவ்வொரு பேனரையும் மூன்று முறை எழுத்துக்கூட்டிப் படித்த பிறகுதான் அச்சுக்கு விடுவேன். விட்ட பிறகும் நிம்மதி கிடையாது. யாராவது ஒரு சித்தப்பாவின் பெயர் விட்டுப்போய், அவர் பந்தியிலிருந்து எழுந்து போவதுபோல நினைத்துக்கொண்டே இருப்பேன்.

போன வைகாசியில் ஒருவர் கடைக்கு வந்தார். மணமேல்குடிப் பக்கம். வெளிநாட்டில் வேலை, லீவில் வந்திருந்தார். அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். இவருக்கோ பிள்ளையை மடியில் வைக்கும் உரிமை கிடைக்குமா என்றே தெரியவில்லை. அம்மா இறந்தபோது லீவு கிடைக்காமல் இவர் வரவில்லை. அன்றிலிருந்து அக்கா பேச்சை நிறுத்திவிட்டார். பத்திரிகையை ஆள் வைத்துக் கொடுத்தனுப்பியிருக்கிறார். பெரியப்பா மகன் ஒருவரை மடிக்குச் சொல்லி வைத்திருப்பதாகக் கேள்வி என்றார்.

அவர் கேட்டது ஒரு பேனர். காதுகுத்து பேனர்களில் பிள்ளையின் தலையை ஏதாவதொரு பறக்கும் வீரனின் உடம்பில் ஒட்டுவது வழக்கம். எங்கள் கம்ப்யூட்டரில் ‘உடம்பு’ என்றே ஒரு போல்டர் இருக்கிறது. அதில் உள்ள எதையும் அவர் ஏற்கவில்லை. போனில் ஒரு பழைய கார்ட்டூன் படத்தைக் காட்டினார். சின்ன வயதில் பஞ்சாயத்து டிவியில் வந்ததாம். முன்னால் முகமூடி போட்ட ஒருவன் பறக்கிறான். அவனுக்குப் பின்னால் ஒரு பெண் பறக்கிறாள்.

அது இந்தியில் ஓடியதாம். கூட்டத்தில் யாருக்கும் ஒரு வார்த்தையும் விளங்காது. அக்காதான் இவர் காதில் கதை சொல்லிக்கொண்டே வருவார். முகமூடிக்காரன் நல்லவன், பின்னால் வருகிறவள் அவனுடைய அக்கா, தம்பி விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளக் கூடவே பறக்கிறாள் என்று.

“அவன் மொகத்துல என் மொகம், அவ மொகத்துல அக்கா மொகம், தோள்ல பாப்பா. வேற எதுவும் எழுத வேணாம்ணே. பாத்தா அக்காவுக்குப் புரியும்” என்றார்.

படம் தெளிவாக இல்லை. வேறு நல்ல படம் கிடைக்குமா என்று அன்று மத்தியானம் போனில் தேடினேன். அந்தத் தொடரின் வரலாற்றையே ஒருவர் தமிழில் வீடியோவாகப் போட்டிருந்தார். கார்ட்டூனில் பறக்கும் வீரர்கள் வரத் தொடங்கிய காலத்தில் அயல்நாட்டில் எடுத்தது, இங்கே வந்து சேர்வதற்குள் பழசாகிவிட்டது என்றார். ஆளும் குறைவு, நேரமும் குறைவு. அதனால் உடம்பை ஒரே ஒரு முறை வரைந்து வைத்துக்கொண்டு வாயை மட்டும் அசைத்திருக்கிறார்கள். அவன் எந்த வாரமும் பறந்ததே இல்லை. அதே படம் அப்படியே நிற்க, பின்னால் வானத்தை இழுத்திருக்கிறார்கள். கூர்ந்து பார்த்தால் ஒரே மேகம் திரும்பத் திரும்ப வரும். நாங்கள் தலையை மாற்றுகிறோம், அவர்கள் மேகத்தை நகர்த்தியிருக்கிறார்கள். இது எனக்குப் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு அந்த வீடியோக்காரர் இன்னொன்றும் சொன்னார். அந்தப் பெண் அக்கா இல்லை. வில்லி. தொடர் முழுக்க அவனைத் துரத்துவதுதான் அவள் வேலை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் கையில் சுருக்குக் கயிறு இருந்தது.

பேசாத அக்காவின் முகத்தை வில்லியின் உடம்பில் ஒட்டி மண்டப வாசலில் கட்டப் போகிறோம். போன் இல்லாத கை இன்று எது? யாராவது ஒருவர் தேடிப் பார்த்துவிட்டால் மடியோடு முடியாது, மண்டபத்துக்குள்ளேயே விடமாட்டார்கள். பேனர் கேட்டவரிடம் சொல்லலாம் என்று இரண்டு முறை போனை எடுத்தேன். சொன்னால் அக்கா சொன்ன கதை என்று அவரிடம் இருக்கிற அதுவும் போய்விடும். சொல்லவில்லை. கயிற்றை அழித்தேன். மூடிய கை வெறுமனே இருப்பது உறுத்தவே, அதில் ஒரு பலூனைக் கொடுத்தேன்.

பேனர் கட்டுவது என் வேலை இல்லை. ஆனாலும் காதுகுத்து அன்று காலை நானே மண்டபத்துக்குப் போனேன். ஏணியில் நின்று கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா வெளியே வந்தார். பட்டுப் புடவை, இடுப்பில் பிள்ளை. தம்பி சீர்த்தட்டோடு கீழே நின்றிருந்தார். அவரைப் பார்க்காமல் பேனரையே பார்த்துக்கொண்டிருந்தார் அக்கா.

“கயிறு எங்கடா?” என்றார்.

“என்ன கயிறு?”

“அவ கையில கயிறு இருக்கும்ல. அவனப் புடிச்சுக் கட்டத்தானே பின்னாடியே வருவா.”

தம்பி என்னைப் பார்த்தார். நான் முடிச்சைப் பார்த்தேன்.

“நீதானே அவன் அக்கான்னு சொன்ன.”

“அவ வந்தாலே அலறி அழுவ. நடுவுல எந்திரிச்சு ஒன்ன வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனா மிச்சத்த நான் எப்புடிப் பாக்குறது? அதான் அக்கான்னு சொல்லி வச்சேன்.”

நாத்தனார் முறையில் ஒருவர் பின்னாலிருந்து, இம்புட்டு வருசமா வில்லியத்தான் கும்பிட்டிருக்காரு போல என்றார். பெண்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அம்மா சாவுக்கு வராததைப் பற்றி அங்கே யாரும் எதுவும் பேசவில்லை.

உள்ளே காது குத்தும் ஆசாரி கூப்பிட்டார். பெரியப்பா மகன் புது வேட்டியோடு மணையில் உட்காரப் போனார். அக்கா அவரிடம், நீங்க எந்திரிங்கண்ணே என்று மட்டும் சொன்னார். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பிறகு அக்கா தம்பியிடம், “தட்ட அங்கிட்டு வச்சுட்டு வந்து ஒக்காரு. தலைய நல்லா புடிக்கணும், அசைஞ்சா ஓட்டை கோணலாப் போயிரும்” என்றார்.

அவர் உட்கார்ந்தார். பிள்ளைக்கு அவரைத் தெரியாது. மடியில் வைத்ததுமே அலறிக்கொண்டு சட்டைப் பையைக் கிழித்தது. அவர் இரண்டு கையாலும் அதன் தலையைப் பிடித்துக்கொண்டார். ஆசாரி ஊசியை எடுத்தபோது கண்ணை மூடிக்கொண்டது அவர்தான்.