மடை பார்த்தவரும் புத்தகத்தில் வந்தவரும்

என் வீட்டுக்காரர் முப்பத்தொரு வருஷம் எங்கள் ஊர் ஏரியில் மடை பார்த்தவர். பாகூருக்குத் தெற்கே, எங்கள் ஊரில் எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் போகும் என்பது அவர் கையில் இருந்தது. விடிந்தால் கரைமேல் இருப்பார். தோளில் மண்வெட்டி, தலையில் துண்டு. அவர் பேரை நான் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். முருகன் பேரில் ஒன்று, அவ்வளவுதான்.

சர்க்கரையில் இரண்டு கண்ணும் போய் மூன்று வருஷம் ஆகிறது. கண்ணோடு பேச்சும் போன மாதிரி ஆகிவிட்டார். ஃபேனுக்குக் கீழே கட்டிலில் மல்லாந்து படுத்திருப்பார். சோறு வைத்தால் சாப்பிடுவார். இன்னும் வேண்டுமா என்றால் தலைதான் ஆடும்.

மருமகள் செல்வகுமாரி அங்கன்வாடிக்குப் போய் மத்தியானம் வருபவள். வந்தால் கையில் புத்தகம். போன ஆடியில் லைப்ரரியிலிருந்து ஒரு கதைப் புத்தகம் எடுத்து வந்தாள். நம் ஊர்ப்பக்கம் நடக்கிற கதை, ஏரி வருகிறது, நெட்டப்பாக்கம் பஸ்கூட வருகிறது என்றாள். சத்தமாகப் படி, நானும் கேட்கிறேன் என்றேன்.

அன்றைக்கே எனக்கும் புத்தகத்துக்கும் சண்டை. ஏரிக்கு வேறு பேர் வைத்திருந்தார்கள். ஆனாலும் எங்கள் ஏரிதான், வளைந்த கரையும் வரிசைப் பனையும் எனக்குத் தெரியாதா? அப்படியிருக்க, அய்யனார் கோயிலைக் கரைக்கு மேற்கே எழுதிவைத்திருந்தார்கள். கோயில் கிழக்கே இருக்கிறது.

"கதைதான அத்தை" என்றாள்.

"கதைன்னா? கோயிலத் தூக்கி அந்தாண்ட வெச்சிடுவாங்களா?"

சிரித்துக்கொண்டே மேலே படித்தாள்.

அந்தக் கதையில் மடை பார்க்கிற ஒருவன் வருகிறான். அவனுக்கு என் வீட்டுக்காரர் பேரையே வைத்திருந்தார்கள். மாமனார் பேரை மருமகள் சொல்லுவாளா? அந்த இடம் வந்ததும் அவள் வாய் நின்றுவிட்டது. என்னைப் பார்த்தாள். பிறகு பேர் வருகிற இடத்திலெல்லாம் 'மாமா' என்று போட்டுப் படித்தாள். மாமா கரைமேல் ஏறினார். மாமா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவன் இவன் என்று இருந்ததையும் அவர் இவர் என்று மாற்றிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"யாரும்மா எழுதினது? என்னை எங்க பாத்தான்?"

தன் கதை என்றே நினைத்துவிட்டார். இது வேறு ஆள், பேர்தான் ஒன்று என்று அப்போதே சொல்லியிருக்கலாம். செல்வகுமாரி சொல்லத்தான் வாயெடுத்தாள். விடு என்று கண்ணைக் காட்டினேன். மூன்று வருஷத்தில் அந்த மனிதர் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

அதற்குப் பிறகு மத்தியானம் மூன்று மணி ஆனால் எங்கள் வீட்டுக்குள் ஏரி வந்துவிடும். அவள் படிக்கப் படிக்க, சிமெண்டுத் தரையில் தண்ணீர் மெல்ல ஏறுகிற மாதிரி இருக்கும். ஃபேன் சத்தம் கரைக்காற்றாக மாறும். அவருடைய கால்விரல்கள் போர்வைக்குள் அசையும், ஈர மண்ணில் நடக்கிற மாதிரி. ஒருநாள் நீர்க்கோழி கத்துகிறது என்றார். புத்தகத்தில் நீர்க்கோழியே வரவில்லை. ஆனால் எனக்கும் கேட்டது.

அப்புறம் ஒருநாள், "புயல் வருதாம்மா அதுல?" என்று கேட்டார்.

எந்தப் புயலைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். எங்களுக்குக் கல்யாணம் ஆன நாலாம் வருஷம், கார்த்திகையில், மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் மத்தியானம் கீழ்மடை முழுசாகத் திறந்து கிடந்தது. பால் பிடித்து நின்ற நெல் அறுபது காணி முழுகிப்போனது. அதில் இரண்டு காணி என் அப்பாவுடையது. ஏரி கொஞ்சம் வடியட்டும் என்று திறந்த மடையை மூட மறந்து, கொட்டகையில் படுத்துத் தூங்கிவிட்டான் என்று ஊர் பேசியது. இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என் அப்பா சாகும்வரை எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. நானும் தூங்கினார் என்றே நம்பினேன். மூன்று நாள் கண் மூடாத மனுஷன், தூங்கினால் என்ன குற்றம் என்று அப்பாவிடம் எத்தனையோ முறை மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

இப்போது புத்தகம் என்ன சொல்லப்போகிறது என்று கட்டிலில் கிடந்து காத்திருக்கிறார். செல்வகுமாரி முன்னாடியே புரட்டிப் பார்த்துவிட்டு அடுப்படிக்கு வந்து என் காதில் சொன்னாள். கதையில் அவன் குடித்துவிட்டுத் தூங்கிவிடுகிறானாம். அந்தப் பக்கத்தைத் தள்ளிவிடட்டுமா என்றாள்.

முடியாது என்றேன். நல்லது வருகிறபோதெல்லாம் மாமா மாமா என்று படித்தவள், கெட்டது வந்தால் மட்டும் தாண்டுவதா? நடந்ததுதானே, குடித்ததை மட்டும் விட்டுவிட்டுப் படி என்றேன். அவளுக்கு என்மேல் கோபம். போய்ப் படித்தாள்.

'வெளியே மழை கொட்டியது. மாமா கொட்டகையில் படுத்தார். கண் சொருகியது...'

"நிறுத்தும்மா."

எழுந்து உட்கார்ந்துவிட்டார். கை கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தது.

"நான் தூங்கல."

பிறகு சொன்னார். அவசரமே இல்லை. கரைமேல் நடந்துபோகிற மாதிரி, நின்று நின்று சொன்னார். அந்த நாலாம் நாள் காலையில் கிழக்கு வளைவில் கரையின் வயிற்றில் தண்ணீர் கசிந்ததாம். முதலில் தெளிவாக, அப்புறம் செம்மண் கரைந்து கலங்கலாக. கலங்கலாக வந்தால் உள்ளே மண் போகிறது என்று அர்த்தமாம். அந்த வளைவுக்குக் கீழே பன்னிரண்டு குடிசை. ஏரி இறங்கினால்தான் கரை நிற்கும். ஓடிவந்து கீழ்மடைக் கதவைத் தூக்குகிற திருகைக் கடைசிவரை சுற்றியது அவர்தான். தண்ணீர் எங்கே போகும், யார் யார் நெல் முழுகும், அதில் மாமனார் நிலமும் இருக்கிறது என்று தெரிந்தே சுற்றினாராம்.

"அத ஊருக்குச் சொல்ல வேண்டியதுதான?" என்றேன்.

"உடையாத கரைய, உடைஞ்சிருக்கும்னு சொன்னா எவன் நம்புவான்? தூங்கிட்டான்னா திட்டிட்டுப் போயிடுவாங்க. தெரிஞ்சு தொறந்தான்னா வெட்டுவாங்க."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"நீ உங்கப்பன்கிட்ட சொல்லாம இருந்திருப்பியா, தையலு?"

இருந்திருக்க மாட்டேன். அன்று மாலையே போய்ச் சொல்லியிருப்பேன், சண்டையும் போட்டிருப்பேன். அப்பா நம்பியிருக்கவும் மாட்டார். அது எனக்குத் தெரியும். ஆனாலும் கோபம் வந்தது. நாற்பது வருஷம், தூங்காத தூக்கத்துக்காக நான் ஊரோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். அதைச் சொன்னேன். கண் இல்லாத முகத்தை என் பக்கம் திருப்பினார். சிரித்தாரா என்று தெரியவில்லை. வாய் ஓரம் இளகியது.

செல்வகுமாரி புத்தகத்தை மூடப்போனாள். அந்தக் காகிதச் சத்தம் அவருக்குக் கேட்டுவிட்டது.

"மூடாதம்மா. அது வேற ஆளு போலருக்கு. பாவம், தூங்கிட்டான். எழுந்து பாத்து இன்னா பண்றான்னு படி."

அவள் படித்தாள். அவர் தலையணையில் சாய்ந்து, அந்த இன்னொருவனுக்காக உச்சுக்கொட்டிக்கொண்டே கேட்டார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், ஆனால் ஒரு வார்த்தையும் என் காதில் ஏறவில்லை. நான் கிழக்கு வளைவில் மழையில் நின்றுகொண்டிருந்தேன். கீழே பன்னிரண்டு குடிசையிலும் ஈரக் கூரை வழியாகப் புகை கசிந்தது. யாரோ பிள்ளையை அதட்டிச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். கரைக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.