வெறுந்தாள் தெரிந்தால் மார்க் கிடையாது

கிறிஸ்துராஜ் டிராயிங் மாஸ்டரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. திண்டுக்கல்லில் ஒரே பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் இருந்தோம். நான் கணக்கு, அவர் பூட்டும் குடமும் பூசணிக்காயும். "படத்துல வெறுந்தாள் தெரிஞ்சா அஞ்சு மார்க் போச்சு" என்று வகுப்புக்கு வகுப்பு கத்துவார். பரீட்சைத் தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோனால், வெறுந்தாள் தெரிகிற இடத்தையெல்லாம் தேடிப்பிடித்து வட்டம் போட்டுக் கொடுப்பது அவர் மனைவி இஞ்ஞாசியம்மாள்தான். அந்த அம்மாளுக்குத் தெரிந்த ஓவியம் அம்புட்டுதான்.

1958இல், மதுரையில் ஆசிரியர்களுக்கு ஓவியக் கண்காட்சி என்று சுற்றறிக்கை வந்தது. மனுஷனுக்கு ஓய்வு பெற ஒரு வருஷம்தான் பாக்கி.

"ஒரு தடவையாச்சும் பூசணிக்காயை விட்டுட்டு, நான் பாக்குறதைப் போடுறேன் சார். நானும் ஓவியன்தான்னு ஒருத்தன் சொல்லட்டும்" என்றார்.

பேஸ்டல் வண்ணக்கட்டிப் பெட்டியும் பழுப்புத் தாளுமாக ஒரு மாதம் தாடிக்கொம்பு ரோட்டோரம் காலை வெயிலில் உட்கார்ந்தார். முடித்ததும் என்னிடம் காட்டினார். தூரத்து மலைக்கு ஊதாவில் நாலு இழுப்பு, தென்னைக்கு மூன்று. முன்னால் அறுத்த சோளக்காடு. அங்கே வண்ணக்கட்டியே படவில்லை. தாளின் பழுப்பை அப்படியே விட்டிருந்தார். அடேயப்பா! வெயில் முழுக்க அந்த வெறுந்தாளில்தான் இருந்தது.

மறுநாள் கடைசித் தேதி. சட்டம் போட ஆசாரியிடம் அளவு சொல்லிவிட்டு நாங்கள் அவர் வீட்டுக்குத் திரும்பியபோது, இஞ்ஞாசியம்மாள் கையெல்லாம் பச்சையாக நின்றார்.

"அவசரத்துல பாதியில விட்டுட்டீகளே! நானே முடிச்சு வச்சிட்டேன்."

சோளக்காடு முழுக்கப் பச்சை. ஒரு இணுக்குத் தாள் தெரியவில்லை. மாஸ்டர் ஊதிப் பார்த்தார், துணியால் ஒற்றிப் பார்த்தார். சொரசொரப்புத் தாள் பச்சையை விடவில்லை.

"என்னக்கா காரியம் பண்ணீங்க!" என்று நான் கத்திவிட்டேன்.

"விடுங்க சார்" என்றார் அவர். "அவளுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு? நான்தானே."

வேறு படம் ஏது? அதையே அனுப்பினார். இரண்டாம் பரிசு வந்தது. 'இடைவெளியின்றி நிறைவு செய்யப்பட்ட படம்' என்று சான்றிதழில் எழுதியிருந்தார்கள், பாவிகள்!

அந்த அம்மாள் திரும்பி வந்த ஓவியத்தை இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். "பாத்தீகளா? நான் அந்தப் பச்சையை அடிக்காட்டி பரிசு கெடச்சிருக்குமா?"

மாஸ்டர் சாய்ந்திருந்த ஓவியத்தை நேராக்கினார்.

"கெடச்சிருக்காதும்மா" என்றார்.

அவர் சொன்னது நிஜம். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.