வேட்டை நிலத்து வேலி

ராஸ் அல் கைமா போகும் வழியில், ஓர் அரபியின் வேட்டை நிலத்து வேலியோரம் காரை நிறுத்தி அஸர் தொழுகிறேன். தொழுது முடித்துத் திரும்பினால் சண்டை. உள்ளே ஜீப்பை ஓட்டி மான்களை விரட்டிப் படமெடுத்த சென்னைக்காரரைக் காவலாளி முருகன் மறித்து நிற்கிறார்.

"கேட் திறந்துதான் இருந்துச்சு. பாய், நீங்க பார்த்தீங்கல்ல? சொல்லுங்க!" என்கிறார் அந்தக் கனவான்.

"திறந்து போட்டேன்னு அரபி நம்பிட்டா என் வேலை கலாஸ், பாய்." முருகன் என் பக்கம் திரும்புகிறார்.

தொழுகை விரிப்பைக்கூட நான் இன்னும் மடிக்கவில்லை. அதன் மேல் நின்றே பொய் சொல்ல வேண்டுமாம்!

"கேட் வழியாவா வந்தீங்க சார்? அப்ப பம்பர்ல தொங்குற வேலிக்கம்பி ஏது?"

கம்பியைப் பிடுங்க ஓடுகிறார் கனவான். மானைப் படமெடுக்க வந்தவரை இப்போது முருகன் படமெடுக்கிறார்.