குறியில்லாத புடவை

துவைக்கத் தொடங்கும் முன் வேலாயுதம் பக்கத்துக் கல்லைப் பார்த்து, “கொஞ்சம் தள்ளி நில்லும்மா, தண்ணி தெறிக்கும்” என்பார். அந்தக் கல்லில் யாரும் நிற்பதில்லை. சொல்லிவிட்டுச் சற்றுப் பொறுப்பார். யாரோ நகர்ந்துகொண்டதுபோலத் தலையசைப்பார். பிறகுதான் ‘துவான்’ என்று அழைக்கப்படும் வெள்ளைக்காரத் துரை வீட்டுப் படுக்கை விரிப்பு கல்லில் ‘சொத்’தென்று விழும்.

சிங்கப்பூர் பிராஸ் பாசா ஓடையில் துவைக்கிறவர்களில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் அவர். சிராங்கூன் சாலையில் குடியிருக்கும் குமாஸ்தா நான், அவருடைய வாடிக்கை. ஒரு நாவலைப் படிக்கக் கொடுத்தால் என் சட்டைப் பொத்தானாவது உடையாமல் வரும் என்று கணக்குப் போட்டேன். பொத்தான்கள் இன்றும் உடைந்துகொண்டுதான் இருக்கின்றன.

அது ஊரையே அழவைத்த கதை. பூங்காவனம் என்ற பெண்ணைப் புகுந்த வீடு பழி சுமத்தித் துரத்துகிறது. பிறந்த வீடு கதவைத் திறக்கவில்லை. அரக்குக் கரை போட்ட மஞ்சள் புடவையோடு ஆற்றில் இறங்குகிறாள். உடல் கரை ஒதுங்கியபோது இரண்டு வீட்டாரும் ‘எங்கள் பெண் இல்லை’ என்று கைவிரிக்க, அது ஆற்றோடு போய்விடுகிறது. நானும் அழுதேன், மூக்கைச் சிந்தினேன், அப்புறம் சாப்பிட்டேன். வேலாயுதம் அழவில்லை. கடைசிப் பக்கத்தை முடித்ததும் இழவு வீட்டுக்குப் போய்வந்தவர்போல ஓடையில் தலைமுழுகிவிட்டு, ஈரம் சொட்ட என் வாசலில் வந்து நின்றார்.

“ஏங்கய்யா, அந்தப் புள்ளய யாருதான் எடுத்தாங்க?”

“யாரும் எடுக்கவில்லை. கதை அவ்வளவுதான்.”

“கத முடிஞ்சிருச்சுங்க. புள்ள தண்ணியிலல்ல கெடக்குது?”

அன்றுமுதல்தான் அந்தக் கல் அவளுக்கு என்று ஆனது. கூடத் துவைப்பவர்கள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது அவர்களும் அதைத் தொடுவதில்லை. உச்சி வெயிலில்கூட அந்தக் கல் மட்டும் காய்வதில்லை என்கிறார்கள்.

வேலாயுதத்தின் தொழிலில் குறிதான் எல்லாம். சேங்கொட்டைச் சாற்றை ஊசியில் தொட்டுத் துணி மூலையில் வைக்கும் கறுப்புக் குறியைப் பார்த்துத்தான் அது எந்த வீட்டுத் துணி என்று சொல்வார்கள். எத்தனை வெள்ளாவியில் வெந்தாலும் அது போகாது. என் சட்டைக்கு ஒரு பிறையும் ஒரு கோடும். “குறி இருந்தா துணி எங்க போனாலும் வீடு வந்துரும்யா” என்பார்.

அப்படிப்பட்டவருடைய மூட்டையிலே, போன மழைக்காலத்தில், அரக்குக் கரை போட்ட மஞ்சள் புடவை ஒன்று வந்து சேர்ந்தது. குறி இல்லை. வாடிக்கை வீடுகளில் எல்லாம் கேட்டாயிற்று. யாருடையதும் இல்லை.

“மேல தண்ணியில எவளாச்சும் வுட்டுருப்பா. இந்த மனுசன் கேக்க மாட்டேங்கிறாரு” என்றாள், துணி வாங்க அவர் வீட்டுக்குப் போன என்னிடம், அவர் மனைவி முத்தாயி. பிள்ளை இல்லாத வீடு, இரண்டே பேர். பேய்க்கும் பயப்படாதவள் என்று பெயர் எடுத்தவள். அன்று அந்தப் புடவைமேல் மட்டும் இஸ்திரிப் பெட்டியை வைக்கவில்லை.

புடவையைக் காயவைத்து மடித்து வைத்தால், விடிந்ததும் ஈரமாக இருக்கிறதாம். கூரை ஒழுகும் என்றேன். முத்தாயி அதற்கு மேலும் கீழும் இருந்த துணிகளை எடுத்துக் கொடுத்தாள். மொடமொடவென்று காய்ந்திருந்தன. புடவையைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. படித்தவன் என்ற கொழுப்பெல்லாம் அடங்கி, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

“இது போனாப் போவுதுங்கய்யா. கடல்தண்ணி ஓடையில ஏறுறப்ப இவரு கல்லத் தாண்டி ஆழத்துல எறங்குறாரு. ஏன்னு கேட்டா, புள்ள கைக்கு எட்டலங்கிறாரு. நேத்து கழுத்தளவு. நாந்தான் முடியப் புடிச்சு இழுத்தேன்.”

வேலாயுதம் மறுக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து ஓடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நாவல் கொடுத்தவன் நான் அல்லவா?

முத்தாயி சேங்கொட்டையையும் ஊசியையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

“ரெண்டு வீடும் வேணாம்னுருச்சு. போக வீடு இல்லாமத்தான அலையுது? நம்ம வீட்டுக் குறியப் போடுங்க. நீங்க எறங்க வேணாம், அது இங்க வந்து இருக்கட்டும்.”

அவர் திகைத்துப்போனார். ஊருக்கெல்லாம் குறி வைத்தவர் தன் வீட்டுக்கு ஒன்று வைத்துக்கொண்டதே இல்லை. தன் துணி தனக்குத் தெரியாதா என்ன?

புடவை மூலையை மடியில் விரித்தார். வெகுநேரம் யோசித்து ஒரு புள்ளி வைத்தார். “இது நான்.” சற்றுத் தள்ளி இன்னொன்று. “இது நீ.” ஊசியை மறுபடி சாற்றில் தொட்டு, இரண்டுக்கும் நடுவில், சின்னதாக ஒன்று வைத்தார்.