இரண்டு செக்கன் நடுக்கம்

பாலையூற்று யேசுரட்ணம் சீனன்குடாவில் விமானம் திருத்துகிறவர். கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்த அளவுக்கு அதில் ஒன்றும் கிடையாது. சிறிய பறப்புப் பயிற்சி நிலையம் ஒன்று, அதற்கு ஒரேயொரு கிழட்டு விமானம், நான்கு பேர் நெருங்கி உட்காரலாம். ஆனால் யேசுரட்ணம் கையெழுத்து வைக்காமல் அது நிலத்தை விட்டு எழும்பாது. அந்தக் கையெழுத்து உரிமைக்காக வாலிப வயதில் ஏழு வருஷம் கொழும்பில் நாயாய் அலைந்தவர்.

மார்கழியில் அவருடைய மனைவி கிறிஸ்டின் நெஞ்சு நோகுதென்று படுத்து, இரண்டாம் நாள் கண்ணை மூடிவிட்டார். பிள்ளைகள் இல்லை. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த அடுத்த நாளே மனுசன் வேலைக்குப் போனார். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கல்லு மனுசன் என்று ஊரார் கதைத்தார்கள். அவருக்கே அது சரியென்றுதான் பட்டது. சோறு தின்றார், சவரம் செய்தார், ஞாயிறு கோயிலுக்குப் போனார். எதுவும் உள்ளே இறங்கவில்லை.

பின்னேரம் வீட்டுக்குப் போவதை மட்டும் தள்ளித் தள்ளிப் போட்டார். அதற்கு விமானம் கைகொடுத்தது. கடற்காற்றின் உப்பு தகட்டைத் தின்றுவிடும் என்பதால் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுவது அங்கே வழக்கம். இருபது நிமிட வேலை. யேசுரட்ணம் அதை ஒன்றரை மணித்தியாலம் ஆக்கினார். குழாயைப் பிடித்துக்கொண்டு இறக்கை மேல் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தபடி நிற்பார். “பாஸ், இனியும் தேய்ச்சா பெயின்ட் கழண்டிரும்” என்று காவலாளி நௌபர் பகிடி விடுவார். பாஸுக்குச் சிரிப்பும் வராது, கோபமும் வராது.

ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பறக்கக் கற்றுக்கொடுக்கும் கீர்த்தனி தனியாக ஒரு சுற்றுப் போய் இறங்கி, நேரே அவரிடம் வந்தாள்.

“அங்கிள், கொட்டியாரக் குடாவுக்கு மேல எஞ்சின் ஒருக்கா நடுங்கினது. ரெண்டு செக்கன்தான் இருக்கும். பிறகு ஒண்டுமில்லை. மூண்டு மணிக்கு ஒரு ஸ்ருடன்ற் இருக்கு, கொண்டு போகலாமோ?”

“பாத்துச் சொல்லுறன், பிள்ளை.”

பிளக்குகளைக் கழற்றித் துடைத்துப் பார்த்தார். வயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். எஞ்சினை நிலத்தில் வைத்தே முழு வேகத்தில் ஓட்டினார்; ஒரு குறையும் சொல்ல முடியாது. காலையில் எரிபொருள் தாங்கியின் அடியிலிருந்து வடித்துப் பார்த்த பெற்றோலும் சுத்தமாகத்தான் இருந்தது. ‘பரிசோதித்தேன், பழுது இல்லை’ என்று எழுதிவிட்டுப் போகலாம். எத்தனையோ பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். பேனாவைத் திறந்தவர் மூடிவிட்டுக் கேட்டார்:

“நடுங்கேக்க பிளேன்ர மூக்கு எப்பிடி இருந்தது?”

“நல்லா மேல தூக்கியிருந்தனான். செங்குத்தா ஏறிப் பாத்தனான்.”

உடனே நௌபரைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாக மூக்கு மேலெழும்பும்படி விமானத்தின் வாலை நிலத்தோடு அழுத்தினார்கள். இறக்கைகளை ஆட்டினார்கள். பிறகு நேராக நிறுத்தி, கொஞ்ச நேரம் பொறுத்து, யேசுரட்ணம் மறுபடி வடித்தார். கண்ணாடிக் குவளையில் மேலே நீலமாக விமானப் பெற்றோல்; அடியில் இரண்டு விரல் அளவுக்கு நிறமில்லாத தண்ணீர்.

அந்தப் பழைய விமானத்தின் தாங்கி இறக்கைக்குள் கிடக்கும் ஒரு இரப்பர்ப் பை. அதன் மடிப்புக்குள் தண்ணீர் ஒளிந்திருந்திருக்கிறது. மூக்கு உயர்ந்ததும் கொஞ்சம் வழிந்து எஞ்சினுக்குப் போயிருக்கிறது. இறக்கையில் ஏறித் தாங்கி மூடியைக் கழற்றினார். உள்ளிருந்த இரப்பர் வளையம் வெடித்திருந்தது. மாதா மாதம் அதைப் பார்க்க வேண்டியவரும் அவர்தான்.

வளையத்தை மாற்றித் தண்ணீரை வடித்துவிட்டால் கதை முடிந்தது, ஒருவருக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால் விசாரணை வரும். கையெழுத்து உரிமை போகலாம். போனால் விடிந்ததிலிருந்து படுக்கும் வரை அந்த வீடுதான்.

“ரெண்டு மாசமா மழையுமில்லை” என்று கீழே நின்ற கீர்த்தனி குவளையைப் பார்த்துக் கேட்டாள். “தண்ணி எங்கால வந்தது?”

“நான் விட்ட தண்ணி.”

“கழுவேக்கயோ? இருவது நிமிசத்தில இவ்வளவு போகாதே?”

“ஒண்டரை மணித்தியாலம். ஒவ்வொரு நாளும்.”

“ஏன் அங்கிள்?”

உப்பு என்று சொல்ல வாயெடுத்தார். நல்ல காரணம், எவரும் தலையாட்டுவார்கள்.

“வீட்டை போகப் பயமாக் கிடக்கு” என்றார்.

கீர்த்தனி பாவம் பார்க்கவில்லை; அவளுக்கு நல்ல கோபம். “நான் செத்திருப்பன், அங்கிள்.”

“ஓம்” என்றார் யேசுரட்ணம். ஆறு மாதத்தில் முதல் தடவையாக ஒன்று அவருக்குள் இறங்கியது. அவளுக்கு நடந்திருக்கக்கூடியதை நினைத்த பயம். இறக்கையைப் பிடித்துக்கொண்டுதான் கீழே இறங்கினார்.

மூன்று மணிப் பறப்பை அவரே நிறுத்தினார். நடந்ததை ஒரு சொல் விடாமல் எழுதி மேலிடத்துக்குக் கொடுத்தார். விசாரணை முடியும்வரை வீட்டில் நிற்கும்படி நாலரைக்குப் பதில் வந்தது. வெயில் நன்றாக எறித்துக்கொண்டிருக்கும்போதே மோட்டார் சைக்கிளை எடுத்தார். பாலையூற்று வீடு வரைக்கும் வாய்விட்டு அழுதுகொண்டு போனார். ஹெல்மெட் போட்டிருந்ததால் வீதியில் ஒருவருக்கும் தெரியவில்லை.