மேப்பிள் மரத்து வைரவரும் என் ஓட்டமும்

நான் ஓடுகிறவள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பார்க்கிறவர்கள் அதை நடை என்று நினைக்கிறார்கள். மோர்னிங்சைட் காட்டுக்குள் நடந்து போகிறவர்கள் என்னை முந்திக்கொண்டு போவது உண்மைதான். அது அவர்களுடைய அவசரம். இரண்டு காலும் ஒரே நேரத்தில் நிலத்தை விட்டுக் கிளம்பினால் அது ஓட்டம் என்று மகன் ஒருநாள் விளக்கம் சொன்னான். என்னுடையது கிளம்புகிறது. கொஞ்சம்தான் கிளம்புகிறது, ஆனால் கிளம்புவது எனக்குத் தெரியும்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவில் இறங்கினால் காடு. ஆற்றோரம் கொஞ்சத் தூரம் ஓடி, மரங்களுக்குள்ளே மேடும் பள்ளமுமாகப் போகும் ஒற்றையடிப் பாதையைப் பிடித்தால், அது பெரிய மின்சாரக் கம்பங்கள் நிற்கும் புல்வெளியில் கொண்டுபோய் விடும். அந்த வெளியில் காற்று முகத்தில் அடிக்கும். சாப்பிட்டீங்களா, மருந்துக் குளிசை போட்டீங்களா என்று யாரும் கேட்கமாட்டார்கள். இந்தக் கனடாவில் எனக்கென்று இருக்கிற இடம் அது ஒன்றுதான்.

மகன் நல்லவன், ஆனால் பயந்தவன். ஒருமுறை நான் வழி மாறிப்போய், தெரியாத தெருவில் ஏறி, வந்த பஸ்ஸிலும் ஏறி, கடைசியில் ஒரு பொலிஸ்காரப் பிள்ளை என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டாள். அந்தக் கிழமையே அவன் ஓடுகிற மிசின் ஒன்றை இறக்கினான். பேஸ்மென்றில், உடுப்புத் தோய்க்கிற மிசினுக்குப் பக்கத்தில், சுவரைப் பார்க்க அதை வைத்தான்.

“அம்மா, இன்னொருக்காத் துலைஞ்சியள் எண்டால் பிறகு காடு இல்லை. இதிலைதான் ஓட்டம்.”

ஏறிப் பார்த்தேன். எவ்வளவு ஓடினாலும் அதே சுவர். ஓரிடத்துக்கும் போகாமல் இருப்பதற்கு மிசின் எதற்கு? கதிரை போதும். இனித் தொலையக்கூடாது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

காட்டுக்குள் வழி சொல்லும் பலகைகள் உண்டு. ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்த எழுத்துகள் என் பெயரில் வருகிறவை மட்டும்தான். அந்தப் பலகைகளில் யாரும் என் பெயரை எழுதி வைக்கவில்லை. தமிழும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். ஆகவே எனக்கு வேண்டிய அடையாளத்தை நானே செய்தேன். பழைய சிவப்புச் சீலை ஒன்றைக் கிழித்து, திரும்ப வேண்டிய இடங்களில் எல்லாம் மரத்தில் ஒரு துண்டு கட்டினேன். சிவப்பு பச்சைக்குள்ளும் தெரியும், ஸ்னோவுக்குள்ளும் தெரியும். மூன்று பாதை சந்திக்கும் இடத்தில் ஒரு பெரிய மேப்பிள் மரம் நிற்கிறது. முன்பு எனக்கு வழி பிழைத்த இடம் அதுதான் என்பதால், அந்த மரத்துக்கு முந்தானை முழுவதையும் இடுப்பில் சுற்றிவிட்டேன். ஆற்றங்கரையில் கிடந்த நீளக் கல் ஒன்றைத் தடியால் நெம்பி உருட்டிக் கொண்டுவந்து, மரத்தடியில் நெம்பியே நிமிர்த்தி நட்டேன். சப்பாத்துக் கயிறு அவிழ்ந்தால் என்னால் குனிய முடியாது. காலைத் தூக்கிக் கல்லில் வைத்தால் கை எட்டும்.

முச்சந்தி, பெரிய மரம், சிவப்புத் துணி, நிமிர்ந்த கல். எங்கள் ஊர்ச் சைவக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. ஆனால் நான் வேதக்காரி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவள். எனக்கு அது சப்பாத்துக் கட்டுகிற கல்.

ஒரு காலையில் கல்லின் தலையில் குங்குமம் இருந்தது. அடுத்த நாள் திருநீறும், கடையில் வாங்கிய செவ்வந்திப் பூவும். பூவைத் தள்ளி வைத்துவிட்டுக் காலைத் தூக்கி வைத்துக் கட்டினேன். அப்போது பின்னால் ஒரு குரல் கேட்டது. திரும்பினால், சீலைக்கு மேல் குளிர் ஜாக்கெட் போட்ட ஓர் அம்மா, என்னைவிடக் கொஞ்சம் இளமை, கையில் கற்பூரத்தோடு நிற்கிறார்.

“அக்கா, என்ன வேலை செய்யிறியள்? வைரவரிலை சப்பாத்துக் காலை வைக்கிறியள்.”

முடிச்சு பாதியில் நின்றதால் நான் காலை எடுக்கவில்லை. “இது நான் வைச்ச கல்லு. உது என்ரை சீலை,” என்றேன்.

அவர் மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஓம் அக்கா. வைரவர் தனக்கு வேணுமெண்டதை ஆரிட்டையும் கேட்டு வாங்குவார். உங்களிட்டை வாங்கியிருக்கிறார்.”

“என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை. நான் வேதக்காரி.”

“அதுதானே அதிசயம்.”

வைரவர் வழிக்குக் காவல் நிற்கிறவராம். அதனால்தான் பாதை பிரிகிற இடமாகப் பார்த்து வந்திருக்கிறாராம். அதை மட்டும் என்னால் மறுக்க முடியவில்லை. வழிக்காகத்தானே நானும் கட்டினேன். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம்: நான் கல்லில் கால் வைக்கக்கூடாது, அதற்குப் பதிலாக அவர் குனிந்து என் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிவிடுவார். நல்ல இறுக்கமான இரட்டை முடிச்சு. ஆனால் தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அவர் தினமும் என் காலைத் தொட்டுக் கும்பிடுவதுபோல் இருந்திருக்கிறது. பிறகு வந்தவர்கள் மரத்தைக் கும்பிட்டுவிட்டு எனக்கும் ஒரு கும்பிடு போட்டார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு ஓடினேன்.

வைரவருக்கு வடைமாலை சாத்துவது வழக்கம். சாத்தினார்கள். வைரவருக்கு வாகனம் நாய். காட்டுக்குள் தினமும் ஒரு வெள்ளைக்காரர் கரிய நாய் ஒன்றோடு ஓடுவார். மாலை சாத்திய அன்று அந்த நாய் கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து, மாலையின் கீழ்ப்பாதியைத் தின்றது. நான் சண்டை வரும் என்று நினைத்தேன். எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அந்த மனிதர் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டபடியே இருக்க, அவர் கையில் ஒரு வடையை வைத்தார்கள். அவர் தின்றார், பிறகு என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். கேள்வி விளங்காவிட்டாலும், “குட் ஃபோர் ரன்னிங்,” என்றேன். அடுத்த நாள் அவர் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்தார். நாய் மரத்தடியில் இருந்துகொண்டு எழும்ப மறுத்தது.

இவ்வளவும் என் ஓட்டத்தைக் கெடுக்கவில்லை. கெடுத்தது நேர்த்தித் துணி. ஒருவர் மகளுக்குக் கலியாணம் பொருந்த வேண்டும் என்று ஒரு மரத்தில் சிவப்புத் துண்டு கட்டினார். இன்னொருவர் அகதிப் பேப்பர் சரிவர வேண்டும் என்று கட்டினார். தன் மகன் கார் ஓடும் ரோட் டெஸ்றில் பாஸாக வேண்டும் என்று ஒரு தாய் கட்டினார். அவன் மூன்று தரம் விழுந்தவன் என்பதால் அவர் மூன்று மரத்தில் கட்டினார். பாதைக்குப் பாதை, மரத்துக்கு மரம் சிவப்பு. நான் நீலத்துக்கு மாறியிருக்கலாம்தான். ஆனால் முதலில் கட்டியவள் நான். பின்னால் வந்தவர்களுக்காக நான் ஏன் நிறம் மாற்ற வேண்டும்?

அந்தச் சனிக்கிழமை சிவப்பைப் பார்த்து இடப்பக்கம் திரும்பினேன். அடுத்த சிவப்பைப் பார்த்து வலப்பக்கம். புல்வெளி வரவேண்டிய இடத்தில் மேப்பிள் மரம் வந்தது. மரத்தடியில் சனிக்கிழமைகளில் கும்பிட வரும் கூட்டம் நின்றது. வேண்டுமென்றே வந்தவள்போல் நிமிர்ந்துகொண்டு மற்றப் பாதையில் ஓடினேன். அதுவும் மேப்பிளுக்கே வந்தது, இந்த முறை முதுகுப்பக்கமாக.

நின்று வழி கேட்டிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். எங்கள் ஆட்களிடம் கேட்டால், நான் வீடு சேரும் முன்னே செய்தி சேர்ந்துவிடும். “உங்கடை அம்மா காட்டுக்கை வழி தெரியாமல் நிக்கிறா” என்று யாராவது போனில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதோடு காற்றும் இல்லை, புல்வெளியும் இல்லை, சுவர்தான். ஆகவே ஓடினேன். மூன்றாம் தரம் மரத்தடிக்கு வந்தபோது கயிறு கட்டிவிடும் அம்மா கண்ணை மூடிக் கைகூப்பி, “அக்கா வைரவரைச் சுத்தி நேர்த்தி ஓடுறா,” என்று மற்றவர்களுக்குச் சொல்வது கேட்டது. சொல்லிவிட்டு அவரும் பின்னால் ஓடி வந்தார். அடுத்த சுற்றில் இன்னும் நாலைந்து பேர். பிறகு எண்ணத் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. சீலை சரசரக்கும் சத்தம், யாரோ தேவாரம் பாடி மூச்சு வாங்கும் சத்தம், கடைசியில் நாயின் கழுத்து மணிச் சத்தம். நான் மெல்ல ஓடியது அவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது. வயது வந்தவர்களையும் யோசித்து ஓடுகிறா என்று ஒருவர் பின்னால் மெச்சிக்கொண்டார்.

எத்தனையாவது சுற்று என்று தெரியாது, மரத்தடியில் மகன் நின்றான். நேரம் போயும் என்னைக் காணவில்லை என்று வீட்டுச் செருப்போடு ஓடி வந்திருக்கிறான். முகமெல்லாம் வியர்வை. நான் நின்றேன், எனக்குப் பின்னால் எல்லோரும் நின்றார்கள்.

“அம்மா, துலைஞ்சிட்டியளோ?”

நான் பொய் சொல்லுகிறவள் இல்லை. உண்மையைச் சொன்னால் சுவர்தான். சப்பாத்துக் கயிறு அவிழ்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். அதற்குள் அந்த அம்மா முன்னுக்கு வந்துவிட்டார்.

“என்ன கதை தம்பி இது? நாங்கள் இவ்வளவு பேரும் காலமை துவக்கம் உங்கடை அம்மாவுக்குப் பின்னாலைதானே ஓடுறம். அவ துலைஞ்சா எண்டால் நாங்கள் எல்லாரும் எங்கை நிக்கிறம்?”

மகன் வரிசையைப் பார்த்தான். சீலைகளைப் பார்த்தான், நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டு கடைசியில் நின்ற வெள்ளைக்காரரைப் பார்த்தான், நாயையும் பார்த்தான். படித்த பிள்ளை. இவ்வளவு சனம் சேர்ந்து தொலைய முடியுமா என்று அவன் கணக்குப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

“திங்கக்கிழமையும் இந்த நேரம்தானே, அக்கா?” என்று அந்த அம்மா கேட்டார்.

மகனைப் பார்த்தேன். அவன் சொல்வதில்தான் எல்லாம் இருந்தது.

“வருவா,” என்றான். பிறகு, “ஆனால் தனிய விடாதேங்கோ. ஆராவது கூட ஓடுங்கோ,” என்றான்.

தனிய ஓடத்தான் நான் இவ்வளவு பாடுபட்டேன் என்று அவனிடம் சொல்லவில்லை. கிடைத்ததைக் கெடுக்கக்கூடாது. மகன் என் பக்கத்தில் வந்து, வீட்டுக்குப் போவோமா என்று மெல்லக் கேட்டான். அவனும் வந்த வழியை மறந்துவிட்டான் என்பது கேட்ட விதத்திலேயே தெரிந்தது.

“என்ரை பின்னாலை வா,” என்றேன்.

ஓடத் தொடங்கினேன். பாதை பிரிந்த இடத்தில் பின்னால் இருந்தவர்களுடைய கால்கள் இடப்பக்கம் சாய்வது கேட்டது. அவர்களுக்குள் யாரோ ஒருவருக்கு வழி தெரிந்திருக்கிறது. அவர்கள் திரும்பும் முன் நான் இடப்பக்கம் திரும்பிவிட்டேன்.